உலருணவுப் பொதிக்குள் வசனத்துண்டு

இலங்கை மலையகத்தில் 2022ஆம் ஆண்டு. கோதுமை மா விலை எகிறி, ரொட்டி சுட்டுக்கட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போகிறவர்கள் வெறும் தேத்தண்ணியோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்குப் போன காலம். தோட்ட மக்களிடையே ஊழியம் செய்யும் எங்கள் கிறிஸ்தவ அமைப்பின் அலுவலகத்தில் உலருணவுப் பொதி கட்டிக்கொண்டிருந்தோம். அரிசி, பருப்பு, மா, சீனி, சவர்க்காரம் எல்லாம் போட்டு முடியும் நேரத்தில் ஒருவர் வேதவசனம் அச்சடித்த துண்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பொதிக்கு ஒன்றாகப் போட்டுவிடலாம் என்றார். போடுவதா வேண்டாமா என்று தொடங்கிய வாக்குவாதம் இருட்டும் வரை ஓயவில்லை.

"நாம யாருன்னு சொல்லாம ஒளிஞ்சு ஒளிஞ்சா குடுக்குறது, தங்கச்சி?" என்று கேட்டார் எங்களில் மூத்தவர். கேள்வி நியாயமானதுதான். இந்த வேலைக்கு எங்களைத் தள்ளிக்கொண்டு வந்ததே விசுவாசம். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேலை செய் என்று சொன்னால் என்னாலும் முடியாது.

ஆனால் பொதி வாங்க வரிசையில் நிற்கிறவரை யோசித்துப் பாருங்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதையும் வேண்டாமென்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. அந்த நேரத்தில் துண்டு கொடுத்தால் துண்டை வாங்குவார், ஜெபிக்கலாமா என்றால் தலையைக் குனிவார், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றால் வருவார். அதை ஆத்தும தாகம் என்று நாம் எழுதிக்கொண்டால் நம்மை நாமே ஏமாற்றுகிறோம். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று மத்தேயு 10இல் இருக்கிறது. தலை குனிவதும்கூட ஒரு விலைதான். அதையும் வாங்காமல் கொடுத்தால்தான் அது இலவசம்.

கடைசியில் பொதிக்குள் அமைப்பின் பெயரும், குறை இருந்தால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கமும் மட்டும் போனது. வசனத்துண்டுகள் ஆலய வாசல் மேசைக்குப் போயின, விரும்பினவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. மூத்தவருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் பொதி கட்டும் வேலையை அவர்தான் கடைசிவரை நின்று முடித்தார்.

அதிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: "வேண்டாம்" என்று சொல்லிவிட்டும் ஒருவர் அதே பொதியை, அதே முகமலர்ச்சியோடு நம்மிடமிருந்து வாங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் செய்வது ஊழியம். முடியாவிட்டால் அது வியாபாரம், எத்தனை பாட்டுப் பாடினாலும்.

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பாரம் இருக்கிறது. 1854இல் கண்டியை மையமாக வைத்து 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது, சர்ச் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்து முன்னின்றவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். வேதம் போதிக்கும் உபதேசியார் வந்து நின்றது துரையின் அனுமதியோடு, துரையின் தோட்டத்தில். அந்த உபதேசியார்மார் மலை மலையாக நடந்து எழுத்தறிவித்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பெரட்டுக்களத்தில் பேர் போடும் கையும் வேதம் நீட்டும் கையும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? தோட்ட மக்களில் பெரும்பான்மையானவர்கள் இந்துக்கள். மாரியம்மனும், தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கான கவ்வாத்துச் சாமியும் அவர்களுடைய அன்றாடத்தில் இருக்கிறார்கள். நம் வருகையை அவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

நாட்டுச் சட்டத்திலும் இந்த இழுபறி வந்து போயிருக்கிறது. மென்சிங்கன் திருச்சிலுவை அருட்சகோதரிகளின் சபையைக் கூட்டிணைக்கும், அதாவது சட்டப்படி ஓர் அமைப்பாக ஏற்கும் சட்டமூலம் 2003இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சமயம் பரப்புவதையும் பொருளுதவி செய்வதையும் ஒன்றாக வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்மானிக்கப்பட்டது. சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் போனார்கள். அவர்களுடைய மத சுதந்திரம் மீறப்பட்டதாக 2005இல் அந்தக் குழு சொன்னது. இடையில் 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றும் வந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. என் அபிப்பிராயத்தில் ஐ.நா. குழு சொன்னதுதான் சரி. ஏழைக்கு உதவுவதை விசுவாசத்திலிருந்து வெட்டியெடுக்க யாராலும் முடியாது. ஆனால் நீதிமன்றம் கேட்ட கேள்வியை நாம் நமக்குள் கேட்டுக்கொண்டால், இன்னொருவர் சட்டம் போட்டுக் கேட்க வேண்டி வராது.

ஊவாவில் அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ இதை வாழ்ந்தே காட்டினார். புத்தளையில் பௌத்த விவசாயிகளுக்கு நடுவில் சிறு வீட்டில் தங்கி, யாரையும் மதம் மாற்றாமல், மூலிகை மருத்துவத்திலும் விவசாயிகளின் உரிமைகளிலும் அவர்களோடு நின்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி முடிக்கிற நேரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மௌனச் சாட்சியம் எனக்கு எந்த வசனத்துண்டையும் விடப் பெரியது.

இனி லயத்துக்குள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குள் வருகிறேன். பாடப்புத்தகத்தில் 'இரகசியம் காத்தல்' என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். லயத்தில் அது எப்படி என்று பாருங்கள். ஒரு குடும்பம் இருக்கும் காம்பரா என்ற அறைக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் கூரை வரை போகாது. ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் திரும்பிப் படுப்பார்கள். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், அம்மாயியிடம் வளர்கிற ஒரு பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். நான் உள்ளே உட்கார்ந்ததும் பக்கத்துக் காம்பராவில் வானொலிச் சத்தம் குறைந்தது. பிள்ளை அதைக் கவனித்துவிட்டு, "ஸ்கூல் எல்லாம் நல்லா போகுது மிஸ்" என்று மட்டும் சொன்னது. அம்மாயி தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாலேயே வெளியே காட்டினார். "தண்ணி எடுக்கப் போறேன், வாறீங்களா மிஸ்?" தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் பாதையில், குடம் நிரம்புகிற சத்தத்துக்கு நடுவில்தான் உண்மையான பேச்சு நடந்தது. அதற்குப் பிறகு நான் காம்பராவுக்குள் உட்கார்ந்து எதையும் கேட்பதில்லை. நலம் விசாரித்துவிட்டு எழுந்து விடுவேன். பீலிக்கரை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துத் திண்ணை, கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்புகிற வழி, இவைதான் எங்கள் ஆலோசனை அறைகள். எழுதும் புத்தகத்தையும் அங்கே திறப்பதில்லை. பஸ்ஸில் வந்து எழுதிக்கொள்வேன்.

இரகசியம் கசிகிற இன்னோர் ஓட்டை நம்முடைய சபைக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் ஜெபக்குறிப்பு. "தோட்டத்துல இன்ன டிவிஷன்ல இன்னாருடைய மக, புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறானாம், பாரத்தோட ஜெபிப்போம்." கண்ணீரோடுதான் சொல்வார்கள். அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடிக்கும்போது பக்கத்து நிரைக்காரிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எங்கள் குழுவில் இப்போது பெயரோ, தோட்டமோ, டிவிஷனோ சொல்லாமல்தான் ஜெபிக்கிறோம். "ஒரு சகோதரி" போதும். ஆண்டவருக்கு முகவரி தேவையில்லை. இது முதலில் சிலருக்குக் கசந்தது, ஜெபத்தைக் கட்டுப்படுத்துகிறேனாம். ஆனால் சபைக்கு வெளியே இருந்த பெண்கள் வந்து பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சமூகப்பணி வகுப்புகளில் படிப்பிக்கிற அடிப்படைக் கோட்பாடுகள் பலவற்றை 1957இல் ஒழுங்காக எழுதி வைத்தவர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைத் துறவி. தீர்ப்பிடாமல் ஏற்பது, உதவி கேட்டு வந்தவரே தன் முடிவை எடுப்பது, இரகசியம் காப்பது எல்லாம் அதில் உண்டு. 'தொழில்முறை நெறி வேறு, வேதம் வேறு' என்று முறைப்போடு பேசுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. பர்திமேயு குருடன் என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், இயேசு அவனிடம் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். அவனே வாய் திறந்து சொல்லும் வரை கை வைக்கவில்லை. லயத்துக்குப் போகும்போது கணக்கெடுப்புப் படிவத்தை நீட்டுமுன் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாம் கழிவறை கட்டித் தர யோசித்துக்கொண்டிருப்போம். அவர்கள் மகனுடைய பிறப்புச் சான்றிதழைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் வளைந்துகொடுப்பதில்லை. பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால் அங்கே இரகசியமும் கிடையாது, சமரசமும் கிடையாது. ஒரு சம்பவத்தில் சபைப் பெரியவர் ஒருவர், "அவன் மனம் திரும்பிட்டான், அழுதான், மன்னிச்சு விட்டுருவோம், பொலிசுக்குப் போனா சபைக்குத்தான் அவமானம்" என்று எங்களை மறித்தார். மன்னிக்கும் உரிமை அந்தப் பிள்ளையுடையது. அதை ஒரு பெரியவர் எடுத்துப் பயன்படுத்த முடியாது. சகேயுவும் மனம் திரும்பினான். திரும்பிய அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். கணக்குத் தீர்க்க மறுக்கிற கண்ணீரை மனந்திரும்புதல் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நாங்கள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைத்தோம். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கொடுத்தோம். பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 1938. இந்த இலக்கங்களை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கோயில் பஜனை மண்டபத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுகிற இடத்தில் யாராவது கிழித்தால், அந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

வேதப்பாடம் நடத்துவதிலும் நான் கற்றது உண்டு. மத்தேயு 20இல் வருகிற திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் கதையை கொழுந்து பறிக்கும் பெண்களோடு வாசித்தோம். வர விரும்பியவர்கள் மட்டும் வந்த கூட்டம், இந்துப் பெண்களும் இருந்தார்கள். காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணிவேளையில் வந்தவனுக்கும் ஒரே பணம் என்ற இடம் வந்ததும் ஓர் அக்கா, "அப்போ அரைப்பேரே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். சிரிப்பு அடங்க நேரமானது. தோட்டம் சொல்லும் கிலோ வராவிட்டால் நாளில் பாதிதான் பேர் விழும் என்பது அவர்கள் வயிற்றோடு ஒட்டிய கணக்கு. இன்னொருவர் வேறு பக்கம் பிடித்தார். "பின்னேரம் வரைக்கும் சந்தியில நின்னவன் சோம்பேறி இல்ல மிஸ். ஒருத்தனும் கூப்பிடலன்னு அவனே சொல்றானே. வேலை இல்லாத நாளும் பிள்ளைக்குப் பசிக்கும்தானே." கிருபையைப் பற்றி மட்டுமே பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். இது சம்பளத்தைப் பற்றிய கதையும்கூட என்று எனக்குக் காட்டியது அந்தக் கூட்டம்தான்.

அதனால்தான் பொதியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு இடறலாக இருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை, இந்தியா இரு அரசுகளும் தலைகளைப் பங்குபோட்டுக்கொண்டன. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை வர்த்தமானியில் ஏறியது 2021இல், அதற்குள் ஆயிரம் ரூபாயின் மதிப்பே தேய்ந்துவிட்டது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, 'ஏழைகளுக்கு இரங்குங்கள்' என்று மட்டும் பிரசங்கிப்பது கஷ்டம். ஏழையாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை உண்டாக்கிய கையெழுத்துகளும் இருக்கின்றன. 1972இல் கண்டியில் சத்யோதயம் என்ற சமூக ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் இதைத்தான் சிங்களவர் தமிழர் இருசாராருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பதுளை மறைமாவட்டத்தின் ஆயர் லியோ நாணயக்காரவும் அதே தடத்தில் நடந்தவர்.

நல்ல சமாரியன் கதையில் எல்லோரும் எண்ணெயும் திராட்சரசமும் வரை வந்து நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது சத்திரக்காரன் வருகிற இடம். சமாரியன் தன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கவில்லை. தகுந்த இடத்தில் ஒப்படைக்கிறான், முன்பணம் கொடுக்கிறான், திரும்பி வரும்போது மிச்சத்தைத் தீர்க்கிறேன் என்கிறான். ஒப்படைத்தவரைத் திரும்பப் போய்ப் பார்க்காதவர்கள் நம்மில் அதிகம்.

ஓய்வுபெற்ற ஒரு ஐயாவுடைய சேமலாப நிதி அப்படித்தான் நின்றுபோயிருந்தது. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தொழில் திணைக்களத்துக்கு அவர் தனியாகப் போன நாட்களில், விண்ணப்பத்தைக்கூட வாங்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூட ஒருவர் போனால் பேச்சே வேறாகிறது என்பது வெட்கக்கேடான உண்மை. கிராம உத்தியோகத்தர் உறுதி, தோட்ட அலுவலகக் கடிதம், ஒரே ஆள்தான் என்ற சத்தியக்கடதாசி. இவற்றோடு வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்றதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. நீங்கள் செய்வதானால் கடிதங்களின் பிரதியை அவர் கையில் கொடுங்கள், உங்கள் கோவையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அடுத்த முறை அவரே போக வேண்டும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் தபால் தோட்ட அலுவலகத்தில் தேங்கும். அங்கே போய்க் கேட்பதையும் பழக்கிவிடுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. பொதியை நீட்டும்போது எடுக்காதீர்கள். அந்த நேரத்துச் சம்மதம் சம்மதமே இல்லை. குஷ்டரோகியைச் சுகமாக்கியவர், ஒருவனுக்கும் ஒன்றும் சொல்லாதே என்றுதான் அனுப்பினார். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமானால் மூட்டைகளைப் படமெடுங்கள், மூட்டைக்கு மானம் இல்லை.

நம்முடைய சொந்த ஆத்துமாவைப் பற்றியும் பேச வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. தப்பியவர்களைப் பாடசாலைகளில் தங்கவைத்திருந்தார்கள். அங்கே போனபோது, "கடவுளோட சித்தம், தாங்கிக்குங்க" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நல்ல மனிதர்களைப் பார்த்தேன். சரியக்கூடிய மண்ணில் குடியிருக்க வைத்தது கடவுளா? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமலிருந்த வரைக்கும் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகு கெட்டுப்போனார்கள். அன்றிலிருந்து நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுப்பேன், பெயர்ப்பட்டியல் எழுதுவேன், பிள்ளைகளைத் தூக்கி வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சங்கீதங்களில் முறையிடுகிறவைதான் கைகொடுத்தன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆவது, வெளிச்சமே இல்லாமல் முடிகிற 88ஆவது. கடவுளோடு சண்டைபோட அனுமதி உண்டு என்று தெரியாதவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் கருகிப்போகிறார்கள், இல்லாவிட்டால் கல்லாகிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் தொலைபேசியை அணைத்து வைக்கிறேன். அந்த நாளில் வேறொருவர் இலக்கம் எல்லோரிடமும் இருக்கும். நான் இல்லாமல் மலையகம் நிற்காது என்ற எண்ணம் ஆவிக்குரியதல்ல, வெறும் பெருமை.

வீட்டுக்காரரே ஜெபிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று இளம் ஊழியர்கள் கேட்பார்கள். கேட்டால் ஜெபியுங்கள், இதில் தயக்கம் எதற்கு? சுவாமி படத்துக்கு விளக்கேற்றியிருந்தால் எரியட்டும். அவர் சொன்ன கவலையை அவர் சொன்ன வார்த்தையிலேயே, இரண்டு வரியில் சொல்லி ஆமென் போடுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் வைக்காதீர்கள்.

எங்களுக்கு உதவிய வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கைப் படிவத்தில் 'சுவிசேஷம் கேட்டவர்கள் தொகை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமலே அனுப்பிவந்தோம், காரணத்தையும் மரியாதையாக எழுதினோம். சில கடிதங்கள் போய் வந்த பிறகு உதவித்தொகையைக் குறைத்துவிட்டார்கள். கோபப்படவில்லை, அவர்கள் பணம், அவர்கள் நோக்கம். குறைந்ததை ஈடுகட்டப் பெண்கள் ஐக்கியம் பிடியரிசியைத் திரும்பத் தொடங்கியது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பது, மாதக் கடைசியில் கொண்டுவந்து கொட்டுவது. 2022இல் எங்களிடம் பொதி வாங்கிய வீடுகளிலிருந்தும் இப்போது வருகிறது. அவற்றில் பாதிக்கு மேல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீடுகள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களும் உட்காருகிறார்கள், எங்களைவிடக் கண்டிப்பாக.